எந்தக் காடு... எங்கே கோடு?

உங்க கையில ஒரு மலையோட போட்டோவையும் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுக்கிறேன்னு வச்சுக்குங்க. மலை முழுக்க ஓக் மரம். ‘வகை பிரிச்சு கலர் அடிங்க’ன்னு சொன்னா, முதல் கோட்டை எங்கே போடுவீங்க?

‘‘இதென்ன பெரிய மேட்டர்? இலையைப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது!’’ன்னு சொல்ற பார்ட்டியா நீங்க? வாங்க பாஸ், உங்களைத்தான் இந்த வாரம் தேடிட்டிருந்தேன்.

நாம போகப்போற மலைக்குப் பேரு சியர்ரா நெவாடா. ஸ்பெயினோட தெற்குக் கோடியில, கிரனாடா நகரத்துக்குப் பின்னாடி பனித்தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது. உச்சி முல்ஹாசென், 3,479 மீட்டர். ஐபீரிய தீபகற்பத்திலேயே இதுதான் உசரம். உச்சியில இருந்து மத்தியதரைக் கடல் ரொம்பத் தூரமில்லை. 1999-ல் தேசியப் பூங்கா ஆனது.

இந்த ஊர் கிளைமேட்தான் முதல் வில்லன். நம்ம ஊர்ல வெயிலும் வந்து கொளுத்தும், நடுவுல மழையும் வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போகும். அங்கே அந்தக் கருணை கிடையாது. மழை, பனி எல்லாம் குளிர்காலத்துல. மரம் வளரத் தோதான வெயில் காலத்துல சொட்டுத் தண்ணி இல்லை. தண்ணி இருக்கும்போது சூடு இல்லை, சூடு இருக்கும்போது தண்ணி இல்லை. ஹாஸ்டல்ல பக்கெட் இருந்தா தண்ணி வராது, தண்ணி வந்தா பக்கெட் காணாம போயிருக்கும்ல... அதே கதைதான்!

இந்தச் சிக்கலை ஒவ்வொரு ஓக் மரமும் ஒவ்வொரு ரூட்ல சமாளிக்குது. அங்கே அதிகமா இருக்கிறது ‘என்சீனா’. சின்ன இலை, தோல் மாதிரி கெட்டி, ஓரத்துல முள்ளுப் பல், அடியில சாம்பல் கலர் பஞ்சு. வருஷம் பூரா பச்சை. கஞ்சத்தனமா தண்ணி செலவு பண்ற ஆசாமி. அடிவாரத்துல ஆரம்பிச்சு, வெயில் படற சரிவுகள்ல 1,900 மீட்டர் பக்கம் வரைக்கும் ஏறிடும்.

அடுத்து ‘மெலோஹோ’. இலையில ஆழமான வெட்டு வெட்டா இருக்கும், தொட்டா வெல்வெட். குளிர்காலத்துல இலை காஞ்சு போகும், ஆனா உடனே விழாது. செத்த இலையைக் கிளையிலேயே தொங்க விட்டுக்கிட்டு வசந்தம் வரைக்கும் நிற்கும். இதோட அறிவியல் பேர் குவெர்கஸ் பைரேனைக்கா. பேர்ல பைரனீஸ் மலை இருக்கு. ஆனா பைரனீஸ்ல இந்த மரம் அபூர்வம்! (பேர் வச்சவங்களை யாரு கேட்கிறது? மைசூர்பாகை மைசூர்ல மட்டுமா கிண்டுறாங்க?) இதுக்கு ஈரம் வேணும், சுண்ணாம்பு ஆகாது. சியர்ரா நெவாடாவுல மொத்தம் எட்டே இடங்கள்ல, பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டி, 1,100-ல் இருந்து 2,000 மீட்டருக்குள்ள மிஞ்சியிருக்கு. இந்த மரத்தோட உலக எல்லையில தெற்கு ஓரம் கிட்டத்தட்ட இதுதான். இதைத் தாண்டினா மொராக்கோ.

மூணாவது ‘கெஹீகோ’. இது பாதி இலையுதிர் மரம், ரெண்டும்கெட்டான். சுண்ணாம்புப் பாறை மேல ஆழமான மண் கிடைச்சா, மேப்பிள் மரத்தோட கூட்டணி வச்சு வளரும். நல்ல மண்ணுங்கிறதால மனுஷன் எப்பவோ வெட்டி வயலாக்கிட்டான். மிச்சம் கொஞ்சம்தான்.

அப்புறம் நம்ம கிரிக்கெட் பசங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. ‘கார்க் பால் மேட்ச்’ ஆடியிருப்பீங்கள்ல? அந்தக் கார்க், ‘அல்கோர்னோகே’ங்கிற ஓக் மரத்தோட பட்டை. ஒன்பது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மரத்தைக் கொல்லாம பட்டையை மட்டும் உரிச்சு எடுப்பாங்க. சியர்ரா நெவாடாவுக்கும் கடலுக்கும் நடுவுல கோன்ட்ராவியேசான்னு ஒரு குட்டி மலைத்தொடர். அங்கே ஆசா தெல் லீனோங்கிற இடத்துல, 1,200 மீட்டருக்கு மேல இந்த மரக்காடு இருக்கு. கார்க் மரத்துக்கு இவ்வளவு உசரம் ரொம்ப அதிகம்.

கடைசியா ‘கோஸ்கோஹா’. இதை மரம்னு சொல்றதா, புதர்னு சொல்றதான்னே சண்டை. இடுப்பளவு, ஆளளவு முள் புதர். இதுல ஒட்டி வாழற ஒரு பூச்சியில இருந்துதான் பழைய காலத்துல சிவப்புச் சாயம் எடுத்தாங்க. பூச்சி பேரு கெர்மெஸ். இங்கிலீஷ்ல இருக்கிற ‘கிரிம்சன்’ அதுல இருந்து வந்தது. நாம சொல்ற ‘கிருமி’யும் அதே வேர்தான்னு சொல்லாராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. சும்மா ஜி.கே-வுக்கு!

‘‘அப்போ அஞ்சு மரம், அஞ்சு கலர். வேலை முடிஞ்சுது!’’ன்னு பேனாவை மூடாதீங்க. இனிமேதான் இருக்கு.

மலையோட நடுப்பகுதி மைக்கா ஷிஸ்ட் பாறை, அமிலத்தன்மை உள்ளது. சுத்தி ஓரத்துல சுண்ணாம்பு, டோலமைட். என்சீனா ரெண்டு பாறையிலயும் வளரும். ஆனா அதுக்குக் கீழே இருக்கிற கூட்டம் வேற வேற. ஷிஸ்ட் மேல பார்த்தா, பட்டை உரிஞ்சு தொங்கற, மஞ்சள் பூ பூக்கற ஒரு பயறு வகைப் புதர் கூடவே நிற்கும். சுண்ணாம்பு மேல, கொஞ்சம் தாழ்வான உசரத்துல, பியோனின்னு ஒரு பெரிய ரோஸ் கலர் பூச்செடி. இன்னும் மேலே போனா அது காணாம போயி, பார்பெரிங்கிற முள்செடி வந்துடும். மேலே அதே என்சீனா, கீழே மூணு வேற உலகம். அதனால தாவரவியல்காரங்க இதை ஒரு காடுன்னு எண்ணலை, மூணு காடுன்னு எண்ணினாங்க. ஒரே ஹீரோவை வச்சு மூணு படம் எடுத்தா மூணு படம்தானே!

இப்படிப் பிரிக்கிற வித்தையை ஒரு முறையா மாத்தினவர் ஜோசியஸ் பிரவுன்-பிளாங்கே. சுவிட்சர்லாந்துக்காரர். 1928-ல் இதுக்காகவே ஒரு புத்தகம் போட்டார், 1930-ல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துல ஒரு ஆய்வு நிலையம் ஆரம்பிச்சார். முறை சிம்பிள். காட்டுக்குள்ள ஒரே மாதிரி இருக்கிற ஒரு துண்டு இடத்தைப் பிடி. அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செடியோட பேரையும் எழுது. ஒவ்வொண்ணும் எவ்வளவு இடத்தை மூடியிருக்குன்னு மார்க் போடு. முக்கால்வாசிக்கு மேல மூடினா 5, பாதியில இருந்து முக்கால் வரை 4, இப்படி இறங்கி, 5 சதவிகிதத்துக்கும் கம்மின்னா 1. அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்தா வெறும் கூட்டல் குறி. இப்படி நூறு இடத்துல எடுத்த பட்டியலை ஒரே டேபிளா அடுக்கி, வரிசையை மேலே கீழே மாத்தி மாத்திப் பார்த்தா, சில செடிகள் எப்பவும் ஜோடியா வர்றது தெரியும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை வச்சே எந்த கேங் எதுன்னு வாத்தியார் கண்டுபிடிக்கிற மாதிரி! அந்த கேங்குக்கு ஒரு லத்தீன் பேர். ‘ஏட்டம்’னு முடிஞ்சா அடிப்படைக் கூட்டம். அதுக்கு மேல ‘இயான்’, ‘ஏட்டாலியா’, ‘ஏட்டியா’ன்னு பதவி உயர்வு. பேரோட வாலைப் பார்த்தே ரேங்க் சொல்லிடலாம்.

எனக்கு இந்த முறை பிடிச்சிருக்கு. காட்டுக்குள்ள மண்டி போட்டு உட்கார்ந்து, பெரிய மரத்துக்குக் கொடுக்கிற மரியாதையைச் சுண்டு விரல் உசரச் செடிக்கும் கொடுக்கிற முறை. ஆனா ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? ‘ஒரே மாதிரி இருக்கிற இடம்’னு யார் முடிவு பண்றது? பட்டியல் எடுக்கிற அதே ஆளுதான்! கலங்கலா இருக்கிற, ரெண்டு காடும் கலந்து நிக்கிற இடத்தை அவர் தாண்டிப் போயிடுவார். அப்புறம் டேபிள்ல எல்லாம் அழகா தனித்தனியா பிரிஞ்சு நிக்கத்தானே செய்யும்? 1979-ல் மார்க் ஹில் ‘ட்வின்ஸ்பான்’னு ஒரு புரோகிராம் எழுதினார், ஃபோர்ட்ரான்ல. டேபிளைக் கம்ப்யூட்டரே ரெண்டா, நாலா, எட்டாப் பிரிச்சுத் தள்ளிடும். பிரமாதம். ஆனா எங்கே நிறுத்தணும்னு நாமதான் சொல்லணும். நிறுத்தலைன்னா அது பாட்டுக்குப் பிரிச்சுக்கிட்டே போகும், நம்ம ஊர் கட்சிகள் மாதிரி.

எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் மக்கள் இங்கே சிரிப்பாங்க. அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும்போது எத்தனை படி வைக்கிறதுங்கிற அதே பஞ்சாயத்து. மலை ஒரு அனலாக் சிக்னல். ஏற ஏற சூடு கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமா கூடும். எந்த மரமும் ‘1,500 மீட்டர் வந்தாச்சு, இறங்கிக்கலாம்’னு பஸ் ஸ்டாப் பார்த்து இறங்கறதில்லை. அமெரிக்காவுல ஹென்றி கிளீசன் 1926-லேயே இதைச் சொன்னார்: ஒவ்வொரு இனமும் தன் வழியைத் தானே பார்த்துக்குது, கூட்டம்னு நாம சொல்றது தற்செயலா ஒண்ணா நிக்கிற ஆளுங்கன்னு.

படி எங்கே வைக்கிறதுங்கிறதுக்கு ஸ்பெயின்ல ஒருத்தர் ஃபார்முலாவே கொடுத்தார். சால்வதோர் ரிவாஸ்-மார்ட்டினெஸ். 1935-ல் பிறந்து 2020-ல் மறைந்தவர். ஸ்பெயின் முழுக்க எந்தெந்த மண்ணுல எந்தக் காடு வளரக்கூடியதுன்னு 1987-ல் மேப் போட்டவர். அவரோட வெப்பக் குறியீடு நமக்கெல்லாம் ரொம்ப ஈஸி. வருஷ சராசரி வெப்பம், ரொம்பக் குளிரான மாசத்தோட சராசரி அதிகபட்சம், அதே மாசத்தோட சராசரி குறைந்தபட்சம். மூணையும் கூட்டி பத்தால பெருக்கு, அவ்வளவுதான். ஒரு இடத்துல 14, 11, 2-ன்னா 270. மேலே ஏறிப் போய் 11, 7, மைனஸ் 1-ன்னா 170. 210-க்கு மேல இருந்தா ஒரு மண்டலம், கீழே இருந்தா அடுத்த மண்டலம். சுண்ணாம்பு மேல பியோனி என்சீனா முடிஞ்சு பார்பெரி என்சீனா ஆரம்பிக்கிறது இந்தக் கோட்டுலதான்.

இப்போ கதையில ட்விஸ்ட். முதல்ல 210-ன்னு இருந்த கோடு, பின்னாடி வந்த அட்டவணைகள்ல 220 ஆயிடுச்சு. பத்து புள்ளிதானே? கணக்குப் போடுவோம். நூறு மீட்டர் ஏறினா சுமாரா 0.6 டிகிரி குறையும். மூணு எண்ணும் அதே அளவு குறைஞ்சா 1.8, பத்தால பெருக்கினா 18 புள்ளி. அப்போ பத்து புள்ளின்னா சுமார் 55 மீட்டர் உசரம். மலையைச் சுத்தி 55 மீட்டர் உசரத்துக்கு ஒரு பட்டை, ஒரு மரம்கூட அசையாமலேயே, ஒரு காட்டுல இருந்து இன்னொரு காட்டுக்கு மாறிடுச்சு. பேப்பர்ல!

‘‘பேப்பர்ல மாறினா மாறிட்டுப் போகட்டும், மரத்துக்கு என்ன?’’

அங்கேதான் பிரச்னையே. ரிவாஸ்-மார்ட்டினெஸ் மேப் இப்போ இருக்கிற காட்டைக் காட்டற மேப் இல்லை. மனுஷன் கையை எடுத்துட்டா அங்கே என்ன காடு வரணும்னு காட்டற மேப். இந்த ‘வரக்கூடிய காடு’ங்கிற ஐடியா 1956-ல் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் ட்யூக்சென் கொடுத்தது. அந்தலூசியாவுல மொட்டை மலையில கன்று நடும்போது, எந்தக் கன்றை, கூட எந்தப் புதரை நடணும்னு முடிவு பண்ண இந்த மாதிரி மேப்பைத்தான் எடுப்பாங்க. அதாவது கோடு நகர்ந்தா நர்சரி ஆர்டர் மாறும். கோஸ்கோஹா புதரை ‘கெட்டுப்போன என்சீனா காடு’ன்னு எழுதினா, அதை வெட்டிட்டு மரம் நட ஒரு காரணம் கிடைச்சிடும். ‘இந்த வறண்ட மண்ணுக்கு இதுதான் உச்சபட்சம்’னு எழுதினா புதர் தப்பிக்கும். புதர் அதே புதர்தான். தலையெழுத்து மட்டும் வேற.

பழைய ஏரிச் சேற்றுல படிஞ்ச மகரந்தத்தை எடுத்து ஆராய்ச்சி பண்றவங்க இந்த மேப் மேல கடுப்புல இருக்காங்க. ஸ்பெயினின் ஹோசே கரியோன் 2009-ல் ஒரு சக ஆய்வாளரோட சேர்ந்து வெளிப்படையாவே கேட்டார்: ஆயிரக்கணக்கான வருஷத்துல காடு திரும்பத் திரும்ப மாறியிருக்கு, பைன் மரம் ஆண்ட இடத்தையெல்லாம் ‘இது ஓக் பூமி’ன்னு எப்படி எழுதறீங்கன்னு. என் ஓட்டும் அவருக்குத்தான். ‘மனுஷன் இல்லாத மலை’ன்னு கற்பனை பண்றதுக்கு சியர்ரா நெவாடா ரொம்பத் தப்பான இடம். அதோட தெற்குச் சரிவு அல்புஹாரா. இடைக்காலத்துல இருந்தே அங்கே பனி உருகின தண்ணியை வாய்க்கால் வெட்டிச் சரிவு முழுக்க ஊற விடறாங்க. வாய்க்கால் கசியற ஓரமெல்லாம் மரம் பச்சைப் பசேல்னு நிக்குது. அந்த ஈரம் யார் கொடுத்தது? மெலோஹோவை விறகுக்கும் கரிக்கும் வெட்டிக்கிட்டே இருந்தாங்க. அது வேர்ல இருந்து திரும்பத் திரும்பத் துளிர்க்கற ஜாதி. அதனால இன்னிக்கு நீங்க பார்க்கிற ஒல்லிக் குச்சிக் காடு பல இடத்துல கோடாலி வரைஞ்ச டிசைன்.

மேப்புக்கு மேல சட்டம் வேற இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 1992-ல் வாழிடங்களுக்கான சட்டம் ஒண்ணு போட்டுச்சு. ஒவ்வொரு வகைக் காட்டுக்கும் ஒரு நம்பர். என்சீனா காடு 9340. கார்க் காடு 9330. கெஹீகோ 9240. அதே என்சீனாவைத் தள்ளித் தள்ளி விட்டு நடுவுல புல் வளர்த்து ஆடு, பன்னி மேய்ச்சா அது காடே இல்லை, 6310! நாடுகள் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை நம்பர் வாரியா ‘நல்லா இருக்கு, மோசமா இருக்கு’ன்னு ரிப்போர்ட் கொடுக்கணும். பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் இந்த நம்பரை வச்சுத்தான் ஓடுது.

சரி, மெலோஹோவுக்கு என்ன நம்பர்? 9230. அதோட அதிகாரபூர்வப் பேர் என்ன தெரியுமா? ‘கலீசியா-போர்ச்சுகல் ஓக் காடுகள்’! கலீசியா ஸ்பெயினோட வடமேற்கு மூலை. அட்லாண்டிக் மழை கொட்டற ஊர். சியர்ரா நெவாடா தென்கிழக்கு, கோடையில காயற ஊர். நம்ம எட்டுத் துண்டு மெலோஹோ காடும் அந்த மழைக்காட்டு நம்பர்லதான் உட்கார்ந்திருக்கு. மூணு என்சீனா காட்டையும் ஒரே 9340-ல் போட்டு மூடினது ஒரு பக்கம்னா, இது அதைவிடக் கொடுமை. ஊர் முழுக்க நல்ல மழைன்னு சராசரி எடுத்தா, தெற்கு ஓரத்துல காயற எட்டுத் துண்டு அந்தக் கணக்குல எங்கே தெரியும்?

எட்டுத் துண்டுகூட ஒரே மாதிரி கிடையாது. 2005-லயும் 2012-லயும் கடுமையான வறட்சி. மரத்தோட ஆண்டு வளையத்தையும் சாட்டிலைட்ல தெரியற பச்சையையும் வச்சு ஆய்வு பண்ணினாங்க. வடக்குச் சரிவுல சான் ஹுவான் காடு, தெற்குச் சரிவுல கான்யார் காடு. வடக்குன்னா குளுமை, தெற்குன்னா வறட்சின்னுதானே நாம நினைப்போம்? அங்கே உல்டா. கான்யார்தான் ஈரமானது, சான் ஹுவான்தான் வறண்டது. வறண்ட வடக்குக் காடுதான் அதிகமா அடி வாங்குச்சு. ஒரே மரம், ஒரே நம்பர், ஒரே மலை. ஆனா ரெண்டு காடும் ரெண்டு விதமா மூச்சு வாங்குது. காட்டை நிர்வாகம் பண்றவங்களுக்கு வேண்டிய தகவல் இது. 9230 இதைச் சொல்லாது.

அப்போ வகை பிரிக்கிறதையே விட்டுடலாமா? நான் அப்படிச் சொல்லலை. நம்பர் இல்லாத காட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை, எந்தப் பட்ஜெட்டும் இல்லை. கோர்ட்ல போய் ‘தொடர்ச்சியான சாய்வு மாற்றம்’னு வாதாட முடியாது. கோடு வேணும். ஆனா கோட்டுக்குப் பக்கத்துல அதை எந்த வருஷம், எந்த டேட்டாவை வச்சு, எந்த வேலைக்காகப் போட்டாங்கன்னும் எழுதி வைக்கணும். நம்ம டிராயிங் ஷீட்ல டாலரன்ஸ் எழுதலைன்னா வொர்க்‌ஷாப்ல பீஸைத் தூக்கிப் போடறாங்கள்ல? காட்டு மேப்புக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

இன்னொரு விஷயம். 2005 செப்டம்பர்ல லான்ஹரோன் ஊருக்கு மேல பெரிய காட்டுத் தீ. எரிஞ்சது பெரும்பாலும் மனுஷன் நட்ட பைன் தோப்பு. போன நூற்றாண்டுல ஸ்பெயின் முழுக்க மண் அரிப்பைத் தடுக்க பைன் நட்டுத் தள்ளினாங்க, அதுல ஒண்ணு. மேப்ல அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் ‘பைன் தோட்டம்’னு ஒரே கலர். எரிஞ்ச பிறகு அங்கே என்ன நடணும்னு மேப்பைப் புரட்டலாம். ஆனா இந்த மலையில ரொம்ப நாளா இன்னொரு பார்ட்டியும் நடவு வேலை பார்க்குது.

ஜேன்னு ஒரு பறவை. காக்கா குடும்பம், இறக்கையில நீலப் பட்டை. இலையுதிர் காலத்துல ஓக் கொட்டைகளை வாய் நிறைய அடைச்சுக்கிட்டுப் பறந்து போய், மண்ணுல ஒவ்வொண்ணா குத்திப் புதைச்சு வைக்கும், குளிர்காலச் சாப்பாட்டுக்கு. சியர்ரா நெவாடாவுல இதை உட்கார்ந்து கவனிச்சவங்க ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க. அது கொட்டையைக் கொண்டுபோய்ப் புதைக்கிறதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஓக் காடு இல்லை, பைன் தோப்பு! தாய் மரத்துல இருந்து பல நூறு மீட்டர் தள்ளி. புதைச்சதுல பறவை மறந்துபோனது முளைக்கும். பைன் நிழல்ல, மேப்ல ‘பைன்’னு கலர் அடிச்ச இடத்துல, முழங்கால் உசரத்துக்கு என்சீனா கன்று நிக்கும்.

அந்த இடத்துக்கு இப்போ நீங்க எந்தக் கலர் அடிப்பீங்க?

பேனாவை எடுத்தாச்சா? அவசரமே இல்லை. கன்று மரமாகறதுக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கு.